மன்னார் முத்துச் சலாபமும் அரச அறிவித்தல்களும்

மன்னார்க் குடாவின் முத்துக்களைப் பற்றி எழுதியோர் பலர். முத்தின் ஒளியையும், குளியாளரின் துணிவையும், அதனால் அரசுகள் அடைந்த வருவாயையும் அவர்கள் விரிவாகவே கூறிச் சென்றனர். ஆயின், இவ்வரலாற்றில் ஒரு சிறு வினா பெரும்பாலும் கேட்கப்படாமலே விடப்பட்டுள்ளது. நன்னீரும் நிழலும் அரிதான ஒரு கரையிலே, குறித்த ஒரு மாதத்தில், கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் பல பத்தாயிரம் மக்கள் வந்து கூடினரே, அவர்களுக்குச் செய்தி சொன்னவர் யார்? சொன்ன செய்தியை அவர்கள் எதனை நம்பி ஏற்றனர்? ஒரு பண்டத்தின் பெயரைச் சுற்றி மக்கட் கூட்டமொன்றைச் சேர்ப்பதற்கும், சேர்ந்த கூட்டத்தைக் கலையாது பேணுவதற்கும் இன்றைய வணிக நிறுவனங்களும் செய்தி நிறுவனங்களும் தனி அலுவலரை அமர்த்திச் சமூக ஊடகங்களில் நாள்தோறும் எழுதுவிக்கின்றன. இது புதுமையான தொழிலெனப் பேசப்படுகின்றது. மன்னார்க் கரையிலோ, ஓர் அரசாங்கமே இத்தொழிலை நூறாண்டுகளுக்கு மேலாக நடத்தியது எனலாம்.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையோரமாக வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. இக்கரைக்கு அப்பால், ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழமான கடலடியில் முத்துச் சிப்பிகள் பற்றி வளரும் பாறைத் திட்டுக்கள் உண்டு. அவற்றைப் 'பார்' என்பர். பெரிய பார், சேவல் பார், மோதரகம் பார் என்பன அவற்றுள் பெயர்பெற்றவை. சிப்பி முதிர்வதற்கு நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். முதிர்ந்தபின் நெடுங்காலம் வாழ்வதுமில்லை. முந்தி எடுத்தால் முத்து இராது. பிந்தினால் சிப்பியே இராது. அன்றியும் நீரோட்டமும் மணலும் கொன்றுண்ணும் மீன்களும் ஒரு பருவத்துக் குஞ்சுகள் அனைத்தையும் அழித்துவிடுவதுண்டு. எனவே சலாபம் ஆண்டுதோறும் நிகழ்வதன்று. தொடர்ந்து சில ஆண்டுகள் நடக்கும்; பின்னர் பத்தாண்டுகள் கடல் வாய்திறவாது. திருக்கேதீச்சரத்துத் திருவிழாவுக்கும் மடுத் திருத்தலத்துப் பெருநாளுக்கும் நாள் உண்டு. சலாபத்துக்கு நாள் இல்லை. நாளில்லாத சந்தை அறிவித்தலின்றிக் கூடாது. சலாபத்தின் வரலாற்றோடு அறிவித்தலின் வரலாறு பிரிக்கவொண்ணாது பிணைந்தமைக்கு அடிப்படைக் காரணம் இதுவேயாகும்.

பழங்காலத்தில் இச்செய்தி கப்பலோட்டிகளின் வாய்வழியாகவே பரவியிருத்தல் வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோ, வணிகர் குழுக்களாகக் கூடிக் குளியாளரை அமர்த்திக்கொள்வதையும், சுறாமீன்களை மந்திரத்தாற் கட்டுவோர்க்குத் தனிப்பங்கு கொடுப்பதையும் குறித்துள்ளார். 1344ஆம் ஆண்டளவில் வந்த இபின் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையிற் கண்ட முத்துக்களைப் பற்றி எழுதினார். போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். 1658இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. இவ்விரு ஆட்சியாளரும் குளியாளரைக் கூட்டுவதற்குப் பரதவரின் சாதித் தலைவர் முதலான கரையோரத் தலைமைகளையே பெரிதும் நம்பியிருந்தனர். தலைவர் சொன்னால் தோணி வரும். அவர் வாளாவிருந்தால் வராது. இந்நிலையில் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் இம்ஹோப் 1740இல் தமக்குப் பின்வருவோர்க்கு எழுதிவைத்த குறிப்பு நோக்கற்பாலது. சலாபத்தின் பளபளப்பு பெரிது, உண்மையான ஊதியம் அத்துணை இல்லை என்பதே அவர் கருத்து. வந்த வருவாயோடு காவலுக்கும் கூட்டத்துக்குமான செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒருவரின் சொல்லாதலின் அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. பின்னர் ஆற்காட்டு நவாபுடன் உரிமை பற்றி எழுந்த பிணக்கினால் 1768 முதல் 1796 வரை சலாபமே நடைபெறவில்லை.

பிரித்தானியர் 1795இல் மன்னாரைக் கைப்பற்றியபோது ஏறத்தாழ முப்பதாண்டுகள் தீண்டப்படாத பார்கள் அவர்கள் கைக்கு வந்தன. 1796, 1797, 1798 ஆகிய மூன்று ஆண்டுகளும் இடையறாது குளிக்கச் செய்து பெரும் பொருள் ஈட்டினர். பார்கள் வறிதாயின. அக்காலத்தில் அரசாங்கம் குளிக்கும் உரிமையை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டது. குத்தகை எடுத்த வணிகர் தோணிகளைத் தேடி, கடன் முன்பணம் கொடுத்து, ஆட்களைத் திரட்டினார். ஆட்களைச் சேர்க்கும் பொறுப்பும் செய்தியைப் பரப்பும் பொறுப்பும் அவருடையனவே. சிப்பி குறைந்தால் இழப்பும் அவருடையதே. எனினும் இழப்படைந்த குத்தகைக்காரர் தள்ளுபடி கேட்டு அரசாங்கத்தின் வாயிலில் வந்து நிற்பதும், அதனால் வழக்கும் மனக்கசப்பும் விளைவதும் தவிர்க்க முடியாதனவாயின.

1798இல் வந்த தேசாதிபதி பிரடெரிக் நோர்த் சலாபத்தைப் பேரரசின் மதிப்புக்குரிய விடயமாகக் கருதினார். சலாப காலத்தில் தாம் தங்குதற்கென 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்பிலே கடலை நோக்கிய மேட்டில், கிரேக்கப் பாணித் தூண்களுடன் ஒரு மாளிகையைக் கட்டுவித்தார். 'டொறிக்' என அழைக்கப்பட்ட அம்மாளிகையைப் பலரும் எழுதிவிட்டனர். அவர் ஆட்சியிலேயே 1802 மார்ச்சில் வெளிவரத் தொடங்கிய அரசாங்க வர்த்தமானிப் பத்திரிகைதான் சலாபத்துக்கு அதனினும் பெரிய கட்டடம். மாளிகை கடலைப் பார்த்தது. வர்த்தமானி கடல்கடந்த வணிகனைப் பார்த்தது. தலைவரின் வாய்ச்சொல் இருந்த இடத்தில் அரசாங்கத்தின் அச்சிட்ட சொல் வந்து அமர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே குத்தகை முறை கைவிடப்பட்டு அரசாங்கமே நேரடியாகச் சலாபத்தை நடத்தத் தொடங்கியபின், இவ்வறிவித்தல் ஒழுங்கான வடிவம் பெற்றது. அதன் ஆக்கமுறை கூர்ந்து நோக்கத்தக்கது. சலாபத்துக்குச் சில மாதங்கள் முன்னதாக, கடல் அமைதியாயுள்ள காலத்தில், பார்ப் பரிசோதகர் குளியாளருடன் சென்று ஒவ்வொரு பாரிலும் சிப்பியின் பெருக்கத்தையும் வயதையும் மதிப்பிடுவார். சில ஆயிரம் சிப்பிகள் மாதிரியாக எடுக்கப்பட்டு, அழுகவிட்டுக் கழுவப்பட்டு, கிடைத்த முத்துக்கள் தேர்ந்த வணிகர்களிடம் ஒப்படைக்கப்படும். அவர்கள் வெவ்வேறு அளவுத் துளைகளையுடைய பித்தளைக் கூடைகளிற் சலித்துப் பருமனையும், பின்பு கண்ணால் வடிவையும் நீரோட்டத்தையும் பார்த்து, ஆணி, அனதாரி, கலிப்பு, குறுவல், தூள் என வகைப்படுத்தி, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபா என விலை கூறுவர். இதன் பின்னரே அறிவித்தல் எழுதப்படும். எந்த இடத்தில், எந்த நாளளவில் சலாபம் தொடங்கும். எந்தெந்தப் பார் குளிக்கப்படும். ஒவ்வொன்றிலும் சிப்பி எவ்வளவு என மதிக்கப்பட்டுள்ளது. அதற்கு எத்தனை தோணிகள் எத்தனை நாட்கள் வேண்டும். பணத்தை எந்நாணயத்தில், எவ்வகை உண்டியலாகச் செலுத்தலாம் என்பன அதிற் கூறப்படும். அது ஆங்கிலத்தில் மட்டுமன்றித் தமிழிலும் அச்சாகித் தென்னிந்தியத் துறைமுகங்களெங்கும் அனுப்பப்பட்டது. கச்சேரிச் சுவரில் ஒட்டப்படும் சாதாரண விளம்பரம் போன்றதன்று இது. படிப்பவன் தன் தோணியைச் செப்பனிடலாமா, வட்டிக்குப் பணம் வாங்கலாமா என முடிவு செய்வதற்கு வேண்டிய அனைத்தும் அதில் இருந்தன.

அனைத்தும் இருந்தனவெனினும், ஒன்று இல்லை. சிப்பியின் தொகையை அரசாங்கம் கூறிற்று. மாதிரியின் விலையைக் கூறிற்று. முத்து இவ்வளவு கிடைக்கும் என்று ஒருபோதும் கூறவில்லை. அரசாங்கம் விற்றது திறவாத சிப்பியை. திறந்து பார்த்து ஏமாறுவதும் மகிழ்வதும் வாங்கியவனின் பாடு. குத்தகைக் காலத்தில் வாயிலில் வந்து நின்ற வணிகனுக்கு இப்போது நிற்பதற்கு இடமில்லாமற் போயிற்று. இதனை வஞ்சகம் என்பது பொருந்தாது. கூறிய அளவில் அறிவித்தல் நேர்மையானதே. அந்நேர்மையாலேயே அது நம்பப்பட்டது. எனினும், நட்டம் எவர் தலையில் விழவேண்டும் என்பதனைத் தீர்மானித்த பின்னரே அந்நேர்மை எழுத்தில் வடிக்கப்பட்டது என்பதும் மறக்கற்பாலதன்று.

அறிவித்தல் சென்றதும் வெறுங்கரையில் ஒரு நகரம் எழும். கம்புகளாலும் கிடுகுகளாலும் தெருக்கள் அமையும். நீதிமன்றம், மருத்துவமனை, சிறைக்கூடம், தபால் தந்தி அலுவலகம், கடைத்தெரு யாவும் சில வாரங்களுள் தோன்றும். தொடக்கத்தில் அரிப்பு, கொண்டச்சி, சிலாவத்துறைக் கரைகளிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டியிலும் இந்நகரம் அமைந்தது. சம்மாட்டிமாரும் தண்டேல்மாரும் குளியாளரும் கயிறு பிடிப்போரும் வருவர். நாட்டுக்கோட்டைச் செட்டிமார், கீழக்கரை மரைக்காயர், பம்பாய் வணிகர் ஆகியோருடன் பிச்சைக்காரரும் சூதாடிகளும் வந்து சேர்வர். நள்ளிரவு கடந்து தரைக்காற்றில் தோணிகள் புறப்பட்டு, விடியலில் பாரை அடையும். அடையாளம் காட்டியதும் குளிப்புத் தொடங்கும்; நண்பகலுக்குப்பின் மீண்டும் அடையாளம் காட்டக் கரை திரும்பும். குளிகல்லின் பாரத்தோடு இறங்குபவன் ஒரு நிமிடமளவே அடியில் நின்று கூடையை நிரப்புவான்.

திரும்பிய சிப்பி முழுவதும் 'கொட்டு' எனப்பட்ட வேலியடைத்த வளவுக்குட் கொண்டு செல்லப்படும். குளியாளரே அதனை மூன்று சமபங்குகளாகக் குவிக்கவேண்டும். மூன்றில் எவ்விரண்டு தனக்குரியன என்பதை அலுவலர் சுட்டுவார். குவிப்பவன் ஒருவன், தெரிபவன் வேறொருவன் என்பதால் குவியல்கள் தாமாகவே சமமாயின. எஞ்சிய ஒரு பங்கு தோணியாருக்கு. கொட்டின் வாயிலைத் தாண்டியதுமே ஏழை எளியோர் சூழ்ந்து, ஆறும் பன்னிரண்டுமாகச் சிப்பிகளை அவர்களிடம் வாங்குவர். மாலையில் அரசாங்கப் பங்கு ஆயிரக்கணக்கில் ஏலத்தில் விடப்படும். முதல்நாள் வாங்கிய சிப்பியில் ஒருவனுக்கு நல்ல ஆணிமுத்து அகப்பட்டது என்ற பேச்சு பரவினால் மறுநாள் ஏலம் ஏறும். அகப்படவில்லை என்றால் இறங்கும். அறிவித்தல் கூட்டத்தைக் கரைக்குக் கொண்டுவந்தது. கரையில் விலையை ஆண்டது வதந்தி. தந்தி அலுவலகம் அவ்வதந்தியை அன்றே கடல்கடத்திற்று.

வதந்தியை அடக்குதல் அலுவலரின் பெரும் பணியாயிற்று. சுறாமீன் ஒன்று கண்ணிற் பட்டது என்ற சொல்லே தோணிகளைக் கரையில் நிறுத்திவிடப் போதுமானது. அதனால் மார்க்கோ போலோ கண்ட சுறா கட்டுவோர் பிரித்தானியர் காலத்திலும் 'கடல்கட்டி' என்ற பெயருடன் சலாப அலுவலரிடையே இடம்பெற்றனர். அவர்களுட் கத்தோலிக்கரும் இருந்தனர் என்பது சுவையான செய்தி. அவர்தம் மந்திரத்தில் அதிகாரிகளுக்கு நம்பிக்கை இருக்கவில்லை, குளியாளருக்கு இருந்தது, ஆகவே ஊதியமும் கொடுக்கப்பட்டது. வாந்திபேதி பற்றிய பேச்சோ சுறாவினும் கொடியது. அழுகும் சிப்பியின் நாற்றமும் ஈயும் நிறைந்த நகரில் அது வெறும் பேச்சாகவும் எப்போதும் இருந்ததில்லை. நோயினால் இடையில் முடிவுற்ற சலாபங்களும் உண்டு. கூட்டம் வந்த வழியே ஓரிரு நாட்களிற் கலைந்துவிடும். எந்த அறிவித்தலும் அதனைத் தடுத்து நிறுத்தாது.

1906ஆம் ஆண்டுச் சலாபத்துக்கு இளம் அலுவலராக அனுப்பப்பட்ட லெனாட் வுல்ப், பின்னாளில் இலக்கிய உலகிற் பெயர் பெற்றவர், இவ்வாழ்க்கையைத் தம் தன்வரலாற்றில் விவரித்துள்ளார். 1921இல் வெளிவந்த சிறுகதை ஒன்றுக்கும் இதனைக் களமாக்கினார். பல்வேறு மொழி பேசும் பெருங்கூட்டத்தை விரல்விட்டு எண்ணத்தக்க ஐரோப்பிய அலுவலரே நடத்தினர். இதனைப் பேரரசின் திறமைக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். உண்மையில் கூட்டம் தன்னைத்தானே நடத்திற்று என்பதே பொருத்தம். ஒவ்வொரு தோணியும் தன் சம்மாட்டிக்கு அடங்கியது. ஒவ்வொரு வணிகக் குழுவும் தன் மூத்தோர் சொல்லுக்கு அடங்கியது. ஒல்லாந்தர் நம்பியிருந்த தலைமைகள் வர்த்தமானியின் பின்னால் மறைந்தனவேயன்றி அழிந்துவிடவில்லை. இதற்கிடையில் ஐரோப்பாவிலோ, 1863இல் அரங்கேறிய பிசேயின் இசைநாடகத்தின் வழியாக, இலங்கை முத்துக்குளிப்பாளர் நிலவொளியிற் காதல் பாடுவோராக அறிமுகமாயினர். நாற்றத்தை அந்நாடகம் கொண்டுசெல்லவில்லை.

அப்புகழே பின்னர் சலாபத்துக்கு வினையாயிற்று. 1891க்குப் பின் பதினோராண்டுகள் சலாபம் நடைபெறவில்லை. காரணம் அறியவேண்டி லிவர்பூல் பல்கலைக்கழக விலங்கியற் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் அழைக்கப்பட்டு, 1902இல் ஜேம்ஸ் ஹோர்னெல் என்பாருடன் பார்களை ஆராய்ந்தார். பெரிய பாரில் இளஞ்சிப்பி பெருந்தொகையாகத் தோன்றி முதிரும் முன்னே அழிவதனைக் கண்டு, அவற்றைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றுமாறு பரிந்துரைத்தார். அவ்வேளையில் கடலும் இசைந்தது. 1903இல் சலாபம் மீண்டது. 1905ஆம் ஆண்டுச் சலாபம் முந்தியவற்றை எல்லாம் விஞ்சிற்று: 318 தோணிகள், ஏறத்தாழ 5,000 குளியாளர், எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பி. அரசாங்கத்துக்குக் கிடைத்த வருவாய் 25 இலட்சம் ரூபாவுக்கு மேல்.

இத்தகைய வேளையில் அரசாங்கம் என்ன செய்தது என்பதே இவ்வரலாற்றின் முக்கிய திருப்பம். 1906 முதல் இருபதாண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 310,000 ரூபா வீதம், பார்கள் இலண்டனில் அமைந்த ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. இருபதாண்டுகளுக்கும் கூட்டினால் 62 இலட்சம். 1905ஆம் ஆண்டு வருவாயின் இரண்டரை மடங்கு மட்டுமே. குடியேற்ற நாட்டுச் செல்வத்தைத் தனியார்க்கு மலிவாக விற்றுவிட்டனர் என்று அன்றே குறைகூறப்பட்டது. மேலோட்டமாக நோக்குவார்க்கு அக்குறை நியாயமானதே. ஆயின், அரசாங்கத்திடம் நூறாண்டுக் கணக்குப் புத்தகம் இருந்தது. சிப்பி வந்த ஆண்டுகளைவிட வாராத ஆண்டுகள் அதில் அதிகம் என்பதை அது அறியும். பங்கு வாங்கிய இலண்டன் மக்களின் கண்ணுக்கோ 1905இன் தொகையும் விஞ்ஞானத்தின் உறுதியுமே பட்டன. நூறாண்டுகளாக அறிவித்தலை எழுதிவந்தவன், அதனைப் படித்தவனைப்போல் அதனை நம்பவில்லை. வான் இம்ஹோப் 1740இல் எழுதியதனையே அரசாங்கம் 1906இல் சொல்லாமற் செயலிற் காட்டிற்று.

1906, 1907 ஆகிய ஆண்டுகளிற் சலாபம் நடந்தது. பின்னர் பார்கள் வெறுமையாயின. கம்பெனி சில ஆண்டுகளுள் கலைந்தொழிந்தது. அதன் வீழ்ச்சியை அளவுமீறிய குளிப்பின் மீதும், பரிசோதனைகளின் தோல்வி மீதும் ஏற்றுவர்; இரண்டும் ஓரளவு உண்மையே. எனினும், பழைய அறிவித்தலுக்கும் கம்பெனியின் வாக்குறுதிக்கும் இருந்த வேறுபாடு அவற்றினும் ஆழமானது. அறிவித்தல் ஒரு பருவத்தை மட்டும் பேசிற்று. அதுவும் பரிசோதகர் கடலில் இறங்கிப் பார்த்த பின்னரே பேசிற்று. கம்பெனியோ காணாத இருபது பருவங்களைப் பங்குகளாக்கி விற்றது. மரிச்சுக்கட்டிக் கொட்டின் வாயிலில் ஆறு சிப்பி வாங்கிய ஏழை அன்று மாலையே தன் இழப்பை அறிந்துகொண்டான். இலண்டனிற் பங்கு வாங்கியவனுக்கு அதற்குச் சில ஆண்டுகள் சென்றன.

இலண்டனில் பணம் இழந்தோரின் குறை பத்திரிகைகளிலும் கூட்டங்களிலும் ஒலித்தது. முன்பணக் கடனுடன் ஆண்டுதோறும் செய்தியை எதிர்பார்த்துத் தோணியைச் செப்பனிட்டு வைத்திருந்த கீழக்கரைச் சம்மாட்டிக்கும், சலாப காலத்தில் கிடுகும் விறகும் நீரும் விற்றுப் பிழைத்த முசலிப் பற்று ஊரவர்க்கும் சலாபம் இல்லை என்பதை அறிவிக்க எந்த வர்த்தமானியும் இருக்கவில்லை. நடக்கும் என்பதற்கே அறிவித்தல். நடவாது என்பதற்கு மௌனமே அறிவித்தல். அம்மௌனத்தைப் படிக்க அவர்கள் பழகியிருந்தனர்.

1925இல் மீண்டும் ஒருமுறை அழைப்புச் சென்றது. மரிச்சுக்கட்டியிற் கிடுகு நகரம் எழுந்தது, தோணிகள் வந்தன. பழைய முறையிற் பெருமளவில் நடந்த சலாபங்களின் வரிசை அத்துடன் நின்றது. அதற்குள் யப்பானில் மிக்கிமோட்டோவின் வளர்ப்பு முத்துக்கள் சந்தைக்கு வந்துவிட்டன. 1921இல் அவை இலண்டன் முத்து வணிகரைக் கலங்கச் செய்தன. வேண்டியபோது வேண்டிய அளவில் விளையும் முத்துக்குக் கூட்டமும் தேவையில்லை, பார்ப் பரிசோதகரின் மதிப்பீடும் தேவையில்லை. சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி ஊர்களின் முஸ்லிம் மக்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்றனர். 2009இல் போர் முடிந்தபின்னரே பலர் திரும்பத் தொடங்கினர். அரிப்பில் நோர்த்தின் மாளிகை நின்ற மேட்டைக் கடல் அரித்து வருகின்றது. செங்கற் சுவர்கள் சில மட்டும், சுண்ணச்சாந்து உதிர்ந்த நிலையில், சேவல் பார் இருக்கும் திசையை நோக்கி நிற்கின்றன.